மாத்திரையை எப்போது தொடங்குவது? நெல்லைப் பக்கத்தில் புதிதாக எச்.ஐ.வி. தெரிந்துகொண்டவர்களுக்கு

போன வருஷம் வைகாசி மாதம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் நாலாக மடித்த சீட்டு. அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாகவே இருந்தான். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "யக்கா, ஆடியில ஊர்க் கொடை இருக்கு. அது முடிஞ்சதும் மாத்திரை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எச்.ஐ.வி. இருக்கிறது என்று உறுதியாகிவிட்டால் மாத்திரையை அந்த வாரத்துக்குள் தொடங்க வேண்டும். உடம்பும் மனசும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தொடங்கலாம். கொடைக்காகவோ, கல்யாணத்துக்காகவோ, நோயை எதிர்க்கும் ரத்த அணு குறையட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது. டாக்டரே கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் நேரங்கள் ஒன்றிரண்டு உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பீடி சுற்றுகிறவள். 2007இலிருந்து இந்தக் கிருமியோடு வாழ்கிறேன். மாத்திரை வாங்கப் போகும் நாட்களில், புதிதாக வருகிறவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவேன். அப்படிப் பேசிப் பேசிச் சேர்ந்ததுதான் இது. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் போய் நிற்பதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஏன் காத்திருக்கச் சொன்னார்கள்

பழைய ஆட்களிடம் கேட்டால், "அணு நல்லாக் குறைஞ்சாத்தான் மருந்து தருவாங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு விதி அப்படித்தான் இருந்தது. 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது நாடு முழுக்க எட்டு ஆஸ்பத்திரிகளில்தான் கிடைத்தது. தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. அப்போது சிடி4 அணு 200க்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் மருந்து. சிடி4 என்பது நோயை எதிர்த்து நிற்கும் ரத்த அணு. எச்.ஐ.வி. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது.

என் வீட்டுக்காரர் மும்பையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அவர் தவறிப்போன பிறகு எனக்குப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு அணு 310 இருந்தது. "இப்போ மருந்து வேண்டாம்மா, ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கோ" என்றார்கள். அன்றைய விதிப்படி அது சரியான பதில்தான். நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். மருந்து இல்லை என்றால் நோய் பெரிதாக இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். 2009இல் ராத்திரி ராத்திரி காய்ச்சல், கழுத்தில் கட்டி. டிபி என்றார்கள். 46 கிலோ இருந்தவள் 34 கிலோவுக்கு வந்திருந்தேன். மடியில் சொளவை வைத்தால் அதன் பாரம்கூடத் தாங்காது. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள்தான் இலை வெட்டித் தருவாள்.

காத்திருக்கச் சொன்னதற்கு அன்று காரணமும் இருந்தது. அந்தக் காலத்து மாத்திரைகள் உடம்பை வாட்டும். ஸ்டாவுடின் என்ற மருந்து பலருக்குப் பாதத்தில் தீயாக எரிந்தது, கன்னம் ஒட்டிப்போனது. கையில் இருந்த மருந்து வகைகளும் கொஞ்சம்தான். சீக்கிரமே தொடங்கித் தீர்த்துவிட்டால் பிற்பாடு என்ன செய்வது என்று டாக்டர்களே கவலைப்பட்டார்கள்.

இன்று அந்த இரண்டு காரணமும் இல்லை. மருந்து சாதுவாகிவிட்டது, வகைகளும் கூடிவிட்டன. காத்திருந்தால் நஷ்டம் என்பதும் ஆராய்ச்சியில் தெளிவாகிவிட்டது. ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வில் 35 நாடுகளில் 4,685 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் அணு 500க்கு மேல். ஒரு பாதிப் பேருக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு அணு 350க்கு இறங்கும்வரை பொறுத்தார்கள். கடுமையான நோயோ மரணமோ வந்தது, உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்கு. பொறுத்திருந்தவர்களில் 96 பேருக்கு. இதற்குமேல் யாரையும் காக்கவைப்பது நியாயமில்லை என்று 2015இல் முடிவை முன்கூட்டியே வெளியிட்டு எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். அந்த வருஷமே உலக சுகாதார நிறுவனம், அணு எவ்வளவு இருந்தாலும் மருந்து என்று சொன்னது. 200, 350, 500 என்று ஏறிக்கொண்டே வந்த எல்லைக் கோட்டை 2017இல் நம் நாட்டிலும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே "எனக்கு அணு 600 இருக்கே" என்று யாராவது தள்ளிப்போட்டால் எனக்கு என் 310தான் ஞாபகம் வரும்.

முதல் வேலை, சீட்டை உறுதி செய்வது

தனியார் லேபில் ஒரு பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளில் உண்டு. பரிசோதனைக்குக் காசு கிடையாது. வேறு வேறு முறையில் மூன்று பரிசோதனை செய்து, மூன்றும் ஒன்றுபோல வந்தால்தான் உறுதி என்று எழுதித் தருவார்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும், முடிவு சொல்லும்போதும் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இதைச் சொல்கிறது.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். இலவசம். உங்கள் பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும் நாள்

உறுதியானதும் நம்பிக்கை மையத்திலிருந்து ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். நம் பக்கத்துக்குப் பெரிய மையம் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஜங்ஷனிலோ புது பஸ் ஸ்டாண்டிலோ "ஹைகிரவுண்டு போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள். அந்தப் பஸ்ஸில் காய்ச்சல்காரர், கால் முறிந்தவர், பிரசவத்துக்குப் போகிறவர் எல்லாரும் இருப்பார்கள். நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நினைத்தே பஸ் ஏறாமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

காலையிலேயே போய்விடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தால் மட்டும் டிபனைக் கையில் கொண்டுபோங்கள். நம்பிக்கை மையத்துச் சீட்டு, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை, முன்னால் பார்த்த வைத்தியச் சீட்டுகள், இப்போது சாப்பிடுகிற எல்லா மருந்துகளின் அட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடுவது, எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள்.

அங்கே பேர் பதிவார்கள், எடை பார்ப்பார்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா என்று நாலு கேள்வி கேட்பார்கள். இந்த நாலும் டிபியைப் பிடிக்கும் வலை. மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் ரத்தம் எடுப்பார்கள்: சிடி4, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஈரல், சுகர், மஞ்சள் காமாலை பி, சி வகைகள். இவையெல்லாம் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண அல்ல. எந்த மருந்து, கூட என்ன பாதுகாப்பு என்று பார்க்கத்தான். அணு 200க்குக் கீழே இருந்தால் மறைந்திருக்கும் வேறு தொற்றுகளையும் தேடுவார்கள். அணு குறைந்தவர்களுக்குக் கூடவே ஒரு தடுப்பு மாத்திரை தருவார்கள், பழைய ஆட்கள் அதைச் செப்ட்ரான் என்பார்கள். சல்ஃபா மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்யாணமானவர் என்றால் துணைக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அன்றைக்கே எப்படிச் சொல்வது என்று திகைக்காதீர்கள். ஆலோசகரிடம், "நீங்கள் கூட இருங்கள், உங்கள் முன்னால் வைத்துச் சொல்கிறேன்" என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் சொன்ன பிறகுதான் மாத்திரை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு.

டாக்டரே கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் நேரங்கள்

முக்கியமாக இரண்டு. ஒன்று டிபி. இன்னொன்று மூளையைச் சுற்றி வரும் தொற்று.

டிபி இருந்தால் முதலில் டிபி மாத்திரை. அது உடம்பில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், எச்.ஐ.வி. மாத்திரை. மூளைக்காய்ச்சலாக வந்த டிபி என்றால் 4 முதல் 8 வாரம்வரை பொறுப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையைத் தாக்கியிருந்தாலும் 4 முதல் 6 வாரம்.

ஏன் இந்த இடைவெளி? கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறக்கிறதை நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தூர் வாராத வாய்க்காலில் ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் திறந்தால் என்ன ஆகும்? அடைப்பில் முட்டிக் கரை உடையும். நம் உடம்பிலும் அதுதான். மாத்திரை தொடங்கியதும் படுத்துக் கிடந்த எதிர்ப்புச் சக்தி எழுந்து, உள்ளே இருக்கும் டிபி கிருமியோடு மூர்க்கமாகச் சண்டை போடும். கட்டி வீங்கும், காய்ச்சல் கொதிக்கும். மூளைக்குள் அந்தச் சண்டை நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் அடைப்பை எடுத்துவிட்டுப் பிறகு மடையைத் திறக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொறுத்தலுக்குத் தேதி உண்டு. "எப்ப வரணும்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தேதி இல்லாமல் "பாப்போம்" என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இன்னொன்று: டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து, டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் பலத்தைக் குறைத்துவிடும். அதனால் டிபி சிகிச்சை நடக்கும்வரை அந்த ஒரு மருந்தை மட்டும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். டிபிக்கு வேறு இடத்தில் மருந்து வாங்குகிறவர்கள் இதை இரண்டு இடத்திலும் சொல்லியாக வேண்டும்.

மனசு சொல்லும் சாக்குகள்

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே." பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான். எச்.ஐ.வி. வந்து எட்டு, பத்து வருஷம் வரைக்கும்கூட வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உள்ளே கிருமி ஒருநாளும் ஓய்வெடுப்பதில்லை. உடம்பு தெம்பாக இருக்கும்போது தொடங்குகிறவர்களுக்குத்தான் மருந்து சுலபமாக ஒத்துக்கொள்கிறது. நான் எழுந்து நடக்க முடியாமல் தொடங்கினேன், தேறி வர ஒன்றரை வருஷம் ஆனது. அந்தத் தம்பி வேலைக்குப் போய்க்கொண்டே தொடங்கினான்.

"குடியை விட்டுட்டு ஆரம்பிக்கேன்." வேண்டாம். ஆரம்பித்துவிட்டுக் குடியை விடுங்கள். குடிப்பதைப் பற்றி டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், ஈரலைக் கவனித்துக்கொள்வார்கள். குடித்த நாளிலும் மாத்திரையை விடக்கூடாது.

"நோன்பு வருதே." மேலப்பாளையத்து அக்கா ஒருவர் கேட்டது. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். நோன்பு திறந்த பிறகு ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால் போதும். அவர் அப்படித்தான் போட்டு வருகிறார். உடம்பு தளர்ந்திருந்தால் நோன்பு வைப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"முதல்ல நாட்டு மருந்து பாத்துட்டு வாரேன்." இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியத்தின் மேல் மரியாதை உள்ள ஊர் நம் ஊர், எனக்கும் உண்டு. ஆனால் எச்.ஐ.வி. பெருகுவதை நிறுத்தி அணுவை மேலே கொண்டுவருவதாக நிரூபணமானது கூட்டு மருந்துதான். அதை விட்டுவிட்டு வேறு எதை நம்பிக் காத்திருந்தாலும் அது காத்திருப்பதுதான். பசிக்கு, தெம்புக்கு என்று லேகியமோ சூரணமோ சாப்பிட ஆசை என்றால் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து, அயச் செந்தூரத்தில் இரும்பு. இந்த இரண்டும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. "முழுசா குணமாக்கித் தாரேன், அந்த மாத்திரையை நிறுத்து" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், "யாராவது பாத்துட்டா?" இதற்கு லேசான பதில் என்னிடம் இல்லை. நானும் முதல் இரண்டு வருஷம் முந்தானையை முகம்வரை இழுத்துக்கொண்டுதான் போவேன். சொந்த மாவட்டத்தில் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்து மையத்தில் பதிய முடியுமா என்று கேட்கலாம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பஸ் காசு, ஒரு நாள் கூலி இரண்டையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தூரம் கூடினால் ஒரு மாதம் இல்லாவிட்டால் ஒரு மாதம் போகாமல் விட்டுவிடுவோம். அது யாரோ பார்த்துவிடுவதைவிட மோசம்.

மாத்திரையும் நேரமும்

இப்போது பெரும்பாலான பெரியவர்களுக்குத் தருவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். டிஎல்டி என்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். தினமும் ஒரே நேரம், அது ஒன்றுதான் கணக்கு.

நேரத்தைத் தொடங்குவதற்கு முதல் நாளே குறித்துவிடுங்கள். எது தினமும் தவறாமல் நடக்கிறதோ அதோடு சேர்த்துக் கட்டுங்கள். எனக்கு ராத்திரி 9 மணி. கடையில் கொடுக்க வேண்டிய பீடியை எண்ணிக் கட்டி வைத்து, சொளவைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை கழுவுவேன். புகையிலை வாசம் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாத்திரை எடுப்பேன். பதினாறு வருஷமாக இதுதான். இரவு ஷிப்டு மாறி மாறி வருகிறவர்கள் ராத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காலை பல் தேய்த்ததும் போடுங்கள். இந்த மருந்தால் தூக்கம் கெடுகிறவர்களுக்கும் காலைதான் நல்லது.

வீட்டில் தெரியாமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு டப்பாச் சத்தம் ஒரு பெரிய பயம். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாத்திரைகள் கலகலவென்று ஆடும். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நடந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி இருக்கும். சுத்தமான காய்ந்த பஞ்சைக் கொஞ்சம் மேலே திணித்து மூடுங்கள், சத்தம் நின்றுவிடும். உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை இவற்றோடு ஒட்டிப் போடக் கூடாது. எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைச் சாப்பிடலாம். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் கூடச் சேரும்போது மெட்ஃபார்மினின் அளவு ரத்தத்தில் ஏறும், டாக்டர் அளவைக் குறைத்துத் தருவார்.

முதல் மாதம்

சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை முதல் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். எடை கூடலாம். முதல் மருந்து வாங்கிய இரண்டு வாரத்தில் ஒருமுறை வரச் சொன்னால் மறக்காமல் போங்கள்.

மூச்சு வாங்கினால், விடாத காய்ச்சல் வந்தால், கழுத்திலோ கக்கத்திலோ புதிதாகக் கட்டி வீங்கினால், தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்தால், கண் மஞ்சளானால், உடம்பெல்லாம் தடித்தால் தேதி பார்க்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை டாக்டர் சொல்லட்டும். உங்களுக்கு மஞ்சள் காமாலை பி வகையும் இருந்தால் இந்த மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் ஈரல் சீறிக்கொண்டு கெடும்.

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால் விட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

"அணு ஏறிட்டு, கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் போடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் போட்டவர்களுக்கு நோயும் மரணமும் கூடியதால் 2006இல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். இது ஆயுசுக்கும் போட வேண்டிய மருந்து. முதல் நாளே மனசை அதற்குத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாதம் வைரல் லோடு பார்ப்பார்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று எண்ணும் பரிசோதனை அது. ஒழுங்காகப் போட்டிருந்தால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்திருக்கும். அந்த நிலையில் நீடிக்கும்வரை தாம்பத்திய உறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. போகாது. இதை முதல்முதலாக ஒரு ஆலோசகர் சொல்லிக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். எனக்குக் காலம் கடந்துவிட்டது. புதிதாக வரும் இளவட்டங்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் இந்த நாளும் சீக்கிரம் வரும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்

இங்கே ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. எத்தனையாவது மாதத்தில் தெரிந்தாலும் அன்றைக்கே தொடங்க வேண்டும். பிரசவ வலியில் தெரிந்தால்கூட அப்போதே. கிருமி குறைந்துவிட்டால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் மிகவும் குறைந்துவிடும். பிறந்ததும் குழந்தைக்குச் சில வாரம் மருந்து உண்டு, ஆறாவது வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அதற்குப் பாசிட்டிவ் என்று வந்தால் குழந்தைக்கும் உடனே சிகிச்சை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளை மேலே சொன்னபடி சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் மாத்திரையையும் நோட்டையும் துணிப்பையில் முதலாவதாக வையுங்கள்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்

"திருப்பூர் போய் செட்டிலான பிறகு அங்க ஆரம்பிக்கேன்" என்பதும் வேண்டாம். இங்கே தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரம் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மையத்தில் மாற்றுச் சீட்டு கேளுங்கள். சென்னைக்கோ, மும்பைக்கோ, எங்கே போனாலும் அங்குள்ள அரசு மையத்தில் அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். சீட்டு இல்லாமல் போனால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள், நாள் போகும். மருந்து நன்றாக ஒத்துக்கொண்டு நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாதத்துக்குச் சேர்த்தும் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போக எண்ணம் உள்ளவர்கள் விசாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மையத்தில் பேசுங்கள். சில வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு.

அந்தத் தம்பி அன்றைக்கு மறுபடி உள்ளே போய் டாக்டரைப் பார்த்தான். டிபி இல்லை, அணு 480. அந்த வெள்ளிக்கிழமையே தொடங்கினான். ஆடிக் கொடைக்கும் ஊருக்குப் போனான். சாமக்கொடை அன்று விடிய விடிய வில்லுப்பாட்டு, கண் மூடவில்லை. 9 மணிக்கு மட்டும் கோயில் பின்னால் குழாயடிக்குப் போய், சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். கூட்டாளிகள் கேட்டதற்கு, "வயித்துவலி மாத்திரைடே" என்றானாம்.